ஏன் எண்டு எழுதி வச்சா அது குற்றமோ?

போன புதன்கிழமைக் கூட்டத்தில என்ன நடந்தது எண்டு இஞ்ச இருக்கிற பாதிப் பேருக்குத் தெரியும், மிச்சப் பேருக்கு வட்ஸ்அப் வழியா வந்து சேர்ந்திருக்கும், அதால முழுக்கத் திரும்பச் சொல்லேல்ல. ஒண்டை மட்டும் சொல்லுறன். நான் கட்டின வெப்சைட்டைப் பற்றி "இது வீட்டுக் குப்பையை ரோட்டில கொண்டு போய்க் கொட்டுற வேலை" எண்டு சொல்லி ஒருத்தர் அதை மூடக் கேக்க, மேசையைச் சுத்தி இருந்த ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. அதில சிலர் அந்த வெப்சைட்டை ஒவ்வொரு நாளும் திறந்து பாக்கிற ஆக்கள். எனக்கு நொந்தது அதுதான்.

அது என்ன வெப்சைட் எண்டு தெரியாதவைக்கு: எங்கட அமைப்பு எந்த சொஃப்ட்வெயாரை எடுத்தது, எதை விட்டது, எப்ப, ஏன் எண்டு ஒரு முடிவுக்கு ஒரு பக்கம். அவ்வளவுதான். பக்கத்துக்கு ஒரு நம்பர், திகதி, அந்த நேரம் இருந்த பிரச்சினை என்ன, வேற எதெல்லாம் யோசிச்சம், கடைசியா எதை எடுத்தம், அதால இனி என்ன வரும். ஆற்றையும் பேர் இல்லை. "நிர்வாகக் குழு" எண்டு மட்டும்தான் கிடக்கு. லொகின் இல்லாம வெளி ஆக்கள் ஒரு எழுத்துப் பாக்க ஏலாது. பிறகு எந்த ரோட்டில கொட்டினதாம்?

இது நான் கனவில கண்டு செய்த சாமானும் இல்லை. மைக்கேல் நைகார்ட் எண்ட சொஃப்ட்வெயார்காரர் 2011இல சின்னக் கட்டுரை ஒண்டு எழுதினவர், ஒரு சிஸ்டத்தைக் கட்டேக்க எடுக்கிற பெரிய முடிவு ஒவ்வொண்டையும் ஒண்டு ரெண்டு பக்கத்தில எழுதி, நம்பர் போட்டு வையுங்கோ எண்டு. அதில இருக்கிற முக்கியமான விஷயம், பழைய முடிவை அழிக்கக் கூடாது. மாறினா "இந்த முடிவு இன்ன நம்பர் முடிவால மாற்றப்பட்டது" எண்டு போட்டுட்டு அதை அப்பிடியே விட வேணும். அதுக்கு முதலே 2010இல தோட்வேர்க்ஸ் எண்ட கம்பனி டெக்னோலொஜி ரேடார் எண்டு ஒண்டு தொடங்கினது, எந்தத் தொழில்நுட்பத்தை எடுக்கலாம், எதை விடலாம் எண்டு வட்டப் படத்தில காட்டுற பட்டியல். நாலு வளையம்: எடுக்கலாம், சின்னதா முயற்சி செய்யலாம், ஆராயலாம், இப்போதைக்குத் தொடாதேங்கோ. இப்ப உலகத்தில எத்தினையோ கம்பனிகள் தங்களுக்கெண்டு ஒரு ரேடார் வச்சிருக்கு, அதைக் கட்டுற கோட் கூட இலவசமா இணையத்தில கிடக்கு. நான் செய்தது இந்த ரெண்டையும் சேத்து, தமிழில, எங்கட ஆக்களுக்கு விளங்கிற மாதிரி. ஒவ்வொரு முடிவும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல், மாற்றம் ஒவ்வொண்டையும் பதிஞ்சு வைக்கிற கிட் (Git) எண்ட சொஃப்ட்வெயாரில கிடக்கு, அதில இருந்து பக்கம் தானா உருவாகும். அமைப்புக்கு ஒரு சதம் செலவில்லை. ஒஃபிஸ் நேரத்திலயும் நான் இதைச் செய்யேல்ல, திருகோணமலை உவர்மலையில என்ர வீட்டில இருந்து இரவில செய்தது.

ஏன் செய்தன் எண்டும் சொல்லத்தான் வேணும், ஏனெண்டா கூட்டத்தில அதை ஒருத்தரும் கேக்கேல்ல.

எங்களிட்ட டேட்டா என்ட்ரி செய்யிற தங்கச்சி ஒராள் இருக்கிறா. ஒருநாள் பின்னேரம் கொழும்பில இருந்து டொனர் ஆக்கள் ஃபோன் எடுத்து, வெருகல் பக்கத்தில உதவி வாங்கின குடும்பங்களின்ர லிஸ்ட் உடன வேணும் எண்டிட்டினம். பிள்ளை தேடுது, தேடுது, ஒண்டும் வரேல்ல. எல்லாருக்கும் முன்னால பெரியவர் கேட்டார், "கொம்பியூட்டர் படிச்சனீர் தானே, ஒரு பேரைத் தேட ஏலாதோ உமக்கு?" எண்டு. அவ பதில் சொல்லேல்ல. வெளி விறாந்தையில போய் நிண்டு அழுதவ.

பிழை அவவில இல்லை. பழைய லிஸ்ட் எல்லாம் பாமினி எழுத்துருவில அடிச்சது. பாமினியில "அம்மா" எண்டு திரையில தெரிஞ்சாலும் உள்ளுக்க கிடக்கிறது எம், கே, செமிகோலன், கே, ஹெச் எண்ட இங்கிலிஷ் எழுத்துதான். புது ஃபைல் எல்லாம் யூனிகோட், அதில உள்ளுக்கயும் தமிழ் எழுத்தாவே கிடக்கும். யூனிகோட்டில "வெருகல்" எண்டு அடிச்சுத் தேடினா பாமினி ஃபைலில ஒரு காலமும் வராது, அகர வரிசைப்படுத்தினாலும் எல்லாம் குழம்பிப் போகும். இது அந்தப் பிள்ளை வேலைக்கு வர எத்தினையோ வருசத்துக்கு முதல் எடுத்த முடிவின்ர விளைவு.

இஞ்சதான் வடிவா வாசியுங்கோ. பாமினி எடுத்த ஆக்களையும் நான் பிழை சொல்லேல்ல. அந்த நேரம் விண்டோஸ் எக்ஸ்பி. அதில யூனிகோட் தமிழ் ஒழுங்காத் தெரிய, சீடியைப் போட்டு கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் எண்டு ஒண்டைத் தனியா இன்ஸ்டோல் பண்ண வேணும். பாமினி எண்டா ஒரு ஃபொன்ட் ஃபைலைக் கொப்பி பண்ணினாச் சரி, எந்த மெஷினிலயும் அடிக்கலாம், பிரிண்ட் கடைக்காரரிட்டயும் அதுதான் இருந்தது. அந்தக் காலத்துக்கு அது சரியான முடிவு. என்ர வெப்சைட்டில அந்தப் பக்கத்தில இதைத்தான் எழுதியிருக்கிறன், போய்ப் பாருங்கோ, "அப்போது சரியான காரணத்துக்காக எடுக்கப்பட்டது, இப்போது யூனிகோட் முடிவால் மாற்றப்பட்டது" எண்டு. இது குறை சொல்லுறதோ? முந்தி முடிவெடுத்தவையின்ர மானத்தைக் காப்பாத்தினது இந்தப் பக்கம்தான், ஏன் எண்டு எழுதாட்டி இண்டைக்கு எல்லாரும் அவையை முட்டாள் எண்டுதான் சொல்லுவினம்.

ஏன் எண்டு எழுதி வைக்கிறது, இதைத்தான் நான் கேக்கிறன். திரும்பத் திரும்பச் சொல்லுறன் எண்டு கோவிக்காதேங்கோ, கூட்டத்தில ஒருக்காக் கூட என்னைச் சொல்ல விடேல்ல.

நாட்டில நடந்ததைப் பாருங்கோ. 2023 ஆகஸ்டில, அரச மெயில்கள் கிடந்த அரசாங்கக் கிளவுட்டில ரான்சம்வெயார் தாக்குதல், ஃபைல்களைப் பூட்டி வச்சுக் காசு கேக்கிற வேலை. மே 17 தொடக்கம் ஆகஸ்ட் 26 வரைக்குமான அரச மெயில்கள் போச்சு. ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ் 2013 எண்ட மெயில் சொஃப்ட்வெயார், அதுக்கான சப்போர்ட்டே அந்த வருசம் ஏப்ரலோட முடிஞ்சது. 2021இல இருந்து புதுசுக்கு மாத்த யோசிச்சு, காசு இல்லாததாலயும் பணிப்பாளர் சபையின்ர முன்னைய முடிவுகளாலயும் பிந்திப் போச்சு எண்டு அதுக்குப் பொறுப்பான அரச நிறுவனம் ICTAயே சொன்னது. "முன்னைய முடிவுகள்." எந்த முடிவு, எந்தக் கூட்டத்தில, என்ன காரணத்துக்கு? எங்கட ஒஃபிஸிலயும் விண்டோஸ் 10 மெஷின்கள் கிடக்கு, அதின்ர சப்போர்ட் 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சது, பழைய மெஷினில டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்புச் சிப் இல்லாததால விண்டோஸ் 11 ஏறாது. இதுக்கு என்ன செய்யப் போறம் எண்ட பக்கம் "முன்மொழிவு" எண்ட நிலையில அப்பிடியே கிடக்கு. அதை முடிவாக்கிற வேலையை விட்டிட்டு, முடிவு காட்டுற வெப்சைட்டை மூடுறது பற்றிக் கதைக்கினம்.

கூகிள் டொக் ஒண்டு போதாதோ எண்டு கேக்கிறவைக்கு: போதாது. டொக்கில நேற்று இருந்ததை இண்டைக்கு ஒருத்தர் மாத்தி எழுதிட்டுப் போகலாம், பழசு எங்கயோ உள்ளுக்க கிடக்கும், ஆர் போய்த் தோண்டிப் பாக்கிறது? நேரம் இல்லை எண்டு சொல்லுறவைக்கு: ஒரு பக்கம் எழுதத் தேத்தண்ணி குடிக்கிற நேரம் போதும், அதுவும் நான்தான் எழுதுறன், நீங்கள் இல்லை.

பாதுகாப்பு பற்றி ஒரு அண்ணை கேட்டது மட்டும் நியாயமான கேள்வி. நாங்கள் என்ன பாவிக்கிறம் எண்டு வெளியில தெரிஞ்சா அடிக்கிறவனுக்கு லேசுதான். அதாலதான் தொடக்கத்தில இருந்தே வேர்ஷன் நம்பர், சேர்வர் விபரம், பாஸ்வேர்ட் சம்பந்தப்பட்ட ஒண்டும் அதில இல்லை, லொகினும் இருக்கு. இன்னும் இறுக்க வேணும் எண்டா சொல்லுங்கோ, இறுக்குவம். ஆனா பாதுகாப்புப் பற்றிக் கதைச்ச அந்த அண்ணையும் மூடுங்கோ எண்டு சொல்லேல்ல, இதையும் கவனியுங்கோ.

நல்ல முடிவுகளும் அதில கிடக்கு, அதை ஒருத்தரும் சொல்லேல்ல. மூதூர், வெருகல் பக்கம் போனா சிக்னல் விட்டு விட்டு வரும், அதால பேப்பர் ஃபோமை விட்டிட்டு, ஃபோனில ஃபோம் நிரப்புற கோபோ (KoboToolbox) எண்ட சொஃப்ட்வெயாருக்கு மாறினம், நெட் இல்லாத இடத்திலயும் ஃபோனில பதிஞ்சு பிறகு அனுப்பலாம், இலவசம். அதின்ர ஆப் ஆண்ட்ரொயிட்டில மட்டும்தான் ஓடும், ஐஃபோன் வச்சிருக்கிற களப் பணியாளருக்கு வேற ஃபோன் குடுக்க வேணும் எண்டு விளைவு எண்ட இடத்தில எழுதியிருக்கிறன். போன மாசம் புதுசா வந்த கிண்ணியாத் தம்பி வேலைக்குச் சேர்ந்த அண்டைக்கே அதை வாசிச்சிட்டு, ஒருத்தரையும் ஒண்டும் கேக்காம வேலையைத் தொடங்கிட்டார். முந்தி எண்டா ஒவ்வொருத்தருக்குப் பின்னாலயும் திரிய வேணும், "எனக்குத் தெரியாது, அவரிட்டக் கேளுங்கோ" எண்டுதான் பதில் வரும், அந்த அவர் கனடா போய்ட்டார்.

உண்மையைச் சொல்லுறன், இது வெப்சைட் பற்றின பிரச்சினை இல்லை. இதையே கொழும்பில இருந்து ஒரு கொன்சல்டன்ட் ஏசி வானில வந்து இறங்கி, உப்புவெளி ஹோட்டல் ஒண்டில ரெண்டு நாள் வேர்க்‌ஷொப் வச்சு, இங்கிலிஷில ஸ்லைட் போட்டுக் காட்டியிருந்தா எல்லாரும் கை தட்டியிருப்பியள். ரிப்போர்ட்டில ஃபோட்டோவோட வந்திருக்கும். ஊர்ப் பெடியன் காசு வாங்காமச் செய்தா அது குப்பை. இத்தினை வருசமா பிரிண்டர் இறுகினா நான், நெட் போனா நான், ஞாயிற்றுக்கிழமை பாஸ்வேர்ட் மறந்தாலும் நான், ஒருநாளும் முகம் சுழிச்சதில்லை. ஒரு விஷயத்தை யோசிச்சு, வாசிச்சு, நானாச் செய்தா மட்டும் "உமக்கேன் இந்த வேலை" எண்ட கேள்வி வருது. அந்தத் தங்கச்சியிட்டக் கேட்ட அதே குரலில.

வாற வெள்ளிக்கிழமை மூடுறதா இல்லையா எண்டு முடிவெடுக்கினமாம். எடுங்கோ, உங்கட அதிகாரம். ஆனா அதுவும் ஒரு தொழில்நுட்ப முடிவுதானே. அதுக்கும் ஒரு பக்கம் நான் இண்டைக்கே திறந்து வச்சிட்டன், நம்பர், திகதி, தலைப்பு எல்லாம் போட்டாச்சு. காரணம் எண்ட இடம் மட்டும் வெறுமனாக் கிடக்கு. மூடச் சொல்லுறவர் வந்து, மூடுறதுக்கு முதல், அதில ஏன் எண்டு எழுதட்டும்.