கையில் ரொக்கத்தோட யார் வீட்டுக்கும் போகாதீங்க

கோத்தகிரி, குன்னூர் பக்கம் பழைய வீடு வாங்கிப் போடணும்னு கீழே இருந்து வர்றவங்க நிறைய. நானும் அந்தத் தொழில்லதான் இருக்கேன். பத்திரத்தை மூணு வக்கீல்கிட்ட காட்டுற ஆட்கள்கூட, முன்பின் தெரியாதவர் வீட்டுக்குள்ள நுழையறப்போ ஒரு யோசனையும் பண்றதில்லை. எனக்கு இது பெரிய கவலை. தனியாப் போற பெண்கள் அவசியம் படிங்க.

"அட்வான்ஸைக் கையோட கொண்டு வந்துடுங்க, வேற பார்ட்டி ரெடியா இருக்கு"ன்னு சொன்னா அந்த வீட்டுக்குப் போகவே வேண்டாம். வீடு, நிலம் விக்கிறவர் 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்க 2015 ஜூன்ல இருந்தே வருமான வரிச் சட்டத்துல தடை இருக்கு. மீறி வாங்கினா அதே அளவு தொகை அவருக்கே அபராதமா வரலாம். நியாயமா விக்கிறவர் பேங்க் வழியாத்தான் கேட்பார். நீங்க பணத்தோட வர்றீங்கங்கிற சேதி புரோக்கர், அவர் கூட்டாளி, ஜீப் டிரைவர்னு எத்தனை காதுக்குப் போகும்னு யோசிங்க.

சர்வே நம்பரை வாங்கி, பதிவுத்துறை தளத்துல வில்லங்கம் பாருங்க. காசு கிடையாது. பட்டாவையும் அரசுத் தளத்துல காசில்லாமப் பார்க்கலாம். பல பேர் பேர்ல இருக்கிற கூட்டுப்பட்டாவா இருந்தா இன்னும் உஷாரா இருங்க. ஒரு பங்காளி வரச் சொல்லுவார், இன்னொருத்தர் "யாரைக் கேட்டு உள்ள வந்தே"ன்னு சண்டைக்கு நிப்பார். அடி விழறது நடுவுல நிக்கிற உங்களுக்குத்தான்.

மஞ்சூர், கீழ்க்கோத்தகிரி பக்கம் தோட்டத்துக்குள்ள பல இடத்துல சிக்னல் இருக்காது. லொகேஷனை நம்பாதீங்க. யார் வீடு, எந்த ஹட்டி (படுகர் ஊர்), எப்போ திரும்புவீங்கன்னு வீட்ல சொல்லிட்டுப் போங்க. நேரம் தாண்டினா 112-க்குக் கூப்பிடச் சொல்லுங்க. மூணு மணிக்குள்ள பார்த்து முடிச்சிடணும். பொழுது சாஞ்சா பனிமூட்டம் இறங்கிடும், தேயிலைக்குள்ள கரடியும் காட்டுமாடும் நடமாடும். வண்டியை வெளியே பார்த்துத் திருப்பி நிறுத்துங்க. வீட்டுக்குள்ள, காட்டுறவங்களை முன்னால நடக்க விடுங்க. தப்பா நினைப்பாங்களோன்னு தயங்கவே வேண்டாம்.

அந்த வீட்டுக்காரங்களுக்கும் நாம தெரியாத ஆள்தானே? பிள்ளைங்க எல்லாம் வெளியூர்ல இருக்க, தனியா இருக்கிற பாட்டி வீட்டுக்குள்ள நாலு ஆம்பளைங்க திபுதிபுன்னு நுழைஞ்சா அவங்க மனசு என்ன பாடுபடும்! யார் யார் வர்றோம்னு முந்தின நாளே போன்ல சொல்லிடணும். பக்கத்து வீட்டுக்காரரைக் கூட வெச்சுக்கச் சொல்லணும். அவங்களுக்கும் தைரியம், நமக்கும் ஒரு சாட்சி. இதுக்கு ஒத்துவராத புரோக்கரோட நான் இடம் பார்க்கப் போறதில்லை.