ஹலப்ஜாவுக்குப் பின் அமெரிக்கா சதாமைக் கைகழுவியதா?

"1988இல் ஹலப்ஜாவில் குர்து மக்கள்மீது விஷவாயு வீசப்பட்டதுமே அமெரிக்கா சதாம் உசேனுடன் உறவை முறித்துக்கொண்டது" என்றொரு தகவல் வாட்ஸ்அப்பில் வலம்வருகிறது. தவறு. நடந்தது ஏறக்குறைய நேர்மாறு.

ஈரான்-ஈராக் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. வட ஈராக்கில் உள்ள ஹலப்ஜா நகர்மீது மார்ச் 16 அன்று ஈராக் அதிபர் சதாமின் விமானங்கள் வீசிய வாயுவுக்குச் சுமார் 5,000 பேர் பலியானதாகக் கணக்கிடப்படுகிறது. கைக்குழந்தையை அணைத்தபடியே விழுந்து இறந்துகிடந்த தந்தையின் புகைப்படம் உலகெங்கும் அச்சானது. வாஷிங்டன் கண்டிக்காமல் இல்லை; ஆனால் கூடவே, ஈரானும் வாயுக் குண்டு வீசியிருக்கலாம் என்று பழியைப் பங்குபோட்டது. மே மாதம் ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 612ஆம் தீர்மானம் இரசாயன ஆயுதத்தைக் கண்டித்தது, ஈராக்கைக் குற்றவாளி என்று சொல்லவில்லை.

செப்டம்பரில் ஈராக்குக்கு எதிரான தடை மசோதாவை அமெரிக்க செனட் நிறைவேற்றியது. முட்டுக்கட்டை போட்டது யார்? அதிபர் ரீகனின் அரசேதான். மசோதா சட்டமாகவே இல்லை. அமெரிக்க தானியம் வாங்க ஈராக்குக்குக் கிடைத்துவந்த அமெரிக்க அரசின் கடன் உத்தரவாதமும் நிற்கவில்லை. 1989இல் அடுத்து வந்த மூத்த புஷ் அரசு மேலும் 100 கோடி டாலருக்கு ஒப்புதல் தந்தது.

தடை வந்தது 1990 ஆகஸ்டில், குவைத்துக்குள் சதாமின் படை புகுந்த பிறகு. தூதரக உறவு முறிந்தது 1991இல். "சொந்த மக்களையே வாயுவால் கொன்றவர்" என்று அமெரிக்கத் தலைவர்கள் மேடைதோறும் முழங்கத் தொடங்கியதும் குவைத் படையெடுப்புக்குப் பிறகுதான்.