வாட்ச் காட்டும் ஆழ்ந்த தூக்கம்: ஒரு சின்னத் திருத்தம்

ஸ்மார்ட்வாட்ச் ஆழ்ந்த தூக்கத்தை ஆஸ்பத்திரிப் பரிசோதனை போலவே அளக்கும், அதனால் அதிக நிமிடம் காட்டுவதைப் பார்த்து வாங்கினால் போதும் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. ஆஸ்பத்திரியில் செய்வது பாலிசோம்னோகிராஃபி. தலையில் மின்முனைகள் ஒட்டி மூளை அலைகளையும், கூடவே கண் அசைவு, தாடைத் தசை இறுக்கத்தையும் பதிவு செய்து, 30 விநாடித் துண்டுகளாகப் பிரித்துத்தான் தூக்க நிலையைக் குறிப்பார்கள். மணிக்கட்டுக்கு மூளை அலை எட்டாது. கை அசைவையும், பச்சை ஒளியில் தெரியும் நாடித்துடிப்பையும் வைத்து வாட்ச் ஊகிக்கிறது, அவ்வளவுதான். மொத்தம் எவ்வளவு நேரம் தூங்கினோம் என்பதை ஓரளவு சரியாகவே சொல்லும். நிலைகளைப் பிரிப்பதில்தான் தடுமாறும்.

நீங்களே சோதிக்கலாம். வேறு கம்பெனி வாட்ச் ஒன்றை இரவல் வாங்கி, ஒரே ராத்திரி இரண்டு கையிலும் கட்டிக்கொண்டு படுங்கள். காலையில் இரண்டு ஆப்பிலும் ஆழ்ந்த தூக்க நிமிடங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்கு வேளச்சேரியில் கரண்ட் போன ஒரு மே மாத ராத்திரியே போதுமாக இருந்தது: கொசுவுக்குப் பயந்து போர்வைக்குள் அசையாமல் விழித்தே கிடந்தேன், வாட்ச் அதையும் தூக்கக் கணக்கில் சேர்த்துவிட்டது!