பலூன் வேணாம், ஆள் போடுங்க

வெள்ளிக்கிழமை எங்க ஆபீஸ்ல ஒரு சேர்ல மஞ்சள் பலூன் கட்டியிருந்ததை போட்டோ எடுத்து இங்க போட்டிருந்தேன். அதை நீக்கச் சொல்லி மூணு பேர் இன்பாக்ஸுக்கு வந்துட்டாங்க. பின்னாடி பேனர்ல கம்பெனி பேர் தெரியுதாம். நீக்கிட்டேன். சொல்ல வந்ததை நீக்கிறதா இல்லை.

நடந்தது இதுதான். அன்னிக்குச் சாயங்காலம் ஆறரைக்கு ஆபீஸ்ல 'மனநல அமர்வு'. வராதவங்க பேர் மேனேஜருக்குப் போகும்னு மெயில் வேற. கண்ணை மூடுங்க, மூச்சை இழுங்க, நாலு எண்ணுங்கன்னாங்க. பக்கத்துல இருந்த பொண்ணு ஒத்தக் கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு, மடியில லேப்டாப்பை வெச்சு டிக்கெட்டுக்கு, அதாவது கிளையன்ட் அனுப்புற புகாருக்கு, பதில் போட்டுட்டிருந்துச்சு. ராத்திரி ஒன்பதரைக்கு வழக்கமான அமெரிக்கா கால். அது மட்டும் தள்ளிப் போகலை.

எங்க டீம்ல பதினோரு பேர் இருந்தோம். இப்ப ஏழு பேர். வேலை மட்டும் அதே பதினோரு பேர் வேலை. ஆள் போடுங்கன்னு ஒன்றரை வருஷமா கேக்கிறோம், பட்ஜெட் இல்லையாம். மூச்சு விடக் கத்துக்கொடுக்கிற ஆப்புக்குச் சந்தா கட்ட மட்டும் பட்ஜெட் இருக்கு. இத்தனை நாள் மூச்சு விடாமலா இருந்தோம்?

கடுப்புல உளர்றேன்னு நினைக்காதீங்க. ஆக்ஸ்ஃபோர்ட் ஆராய்ச்சியாளர் வில்லியம் ஃப்ளெமிங், பிரிட்டன்ல 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களோட தகவலை அலசி 2024ல கட்டுரை வெளியிட்டார். தியானம், மன உறுதிப் பயிற்சி, தூக்க ஆப்னு கலந்துக்கிட்டவங்க யாரும், கலந்துக்காதவங்களை விட நல்லா இல்லை. தன்னார்வச் சேவைக்குப் போனவங்க மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. வாரம் 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ உழைச்சா, 35–40 மணி நேரக்காரங்களை விட பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம்னு உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் (ஐஎல்ஓ) 2021லயே சொல்லிட்டாங்க. வேலை நேரத்தைப் பதியற எங்க டைம்ஷீட், வாரம் 45 மணி நேரத்துக்கு மேல டைப் பண்ணவே விடாது. ஆக, எங்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை!

"ஏசியில உக்காந்து லட்சத்துல வாங்குறல்ல?" வரும், தெரியும். பொங்கலுக்குச் சித்தப்பாவே கேட்டார். வாங்குறேன் சித்தப்பா. அப்பாவுக்கு ஆஞ்சியோ பண்ணின அன்னிக்கு ஐசியூ வாசல்ல, செருப்பு ஸ்டாண்டு மேல லேப்டாப்பை வெச்சு கால் பேசினேனே, அதுக்கும் சேர்த்துதான் வாங்குறேன். மியூட் போட்டு டாக்டர்கிட்ட தலையாட்டினேன், மியூட்டை எடுத்து கிளையன்ட்கிட்ட 'ஐ வில் செக்'னேன். ரெண்டு பேரும் என்ன சொன்னாங்கன்னு இன்னி வரைக்கும் ஞாபகம் வரலை. பக்கத்துல நின்ன நீங்க, "பையன் எவ்ளோ பொறுப்பு பாரு"ன்னு அத்தைகிட்ட சொன்னீங்க. அது ஞாபகம் இருக்கு.

2024ல புனேயில 26 வயசு சிஏ பொண்ணு இறந்துபோய், வேலைப்பளுதான் காரணம்னு அவங்க அம்மா கம்பெனித் தலைவருக்கு எழுதின கடிதம் வெளிய வந்துச்சு. அந்தச் சமயத்துல நம்ம சென்னையில ஒரு நிகழ்ச்சியில ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், அழுத்தத்தைத் தாங்குற உள்மன பலத்தை வீட்டுல சொல்லிக்கொடுக்கணும்ங்கிற மாதிரி பேசினாங்க. பாரத்தை ஏத்தினவங்களைப் பத்திப் பேச்சே இல்லை. சுமந்தவளுக்குத்தான் பலம் பத்தலை.

"அப்ப கவுன்சலிங்கே வேண்டாங்கிறியா?" இல்லப்பா. தேவைப்படுறவங்களுக்கு அது உயிர். ஆனா நானும் ஒரு தடவை கம்பெனியோட கவுன்சலிங் ஹெல்ப்லைனுக்குக் கூப்பிட்டேன். முதல் கேள்வி, "உங்க எம்ப்ளாயி ஐடி சொல்லுங்க சார்." வெச்சுட்டேன்.

"இவ்ளோ பேசுறியே, டீம் லீடா நீ என்ன கிழிச்ச?"

இதை இன்னும் யாரும் கேக்கலை. நானே கேட்டுக்கிறேன். டிசம்பர்ல பேப்பர் போட்டுட்டுப் போன தம்பி, அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி என் சீட்டுக்கு வந்து, "அண்ணா, ஒரு வாரம் லீவு வேணும், தூக்கமே வர மாட்டேங்குது"ன்னான். ப்ராஜெக்ட் ரிலீஸ் முடியட்டும்டான்னேன். அவன் வேலையைக் கொடுக்க என்கிட்ட வேற ஆள் இல்லை. சத்தியமா இல்லை. "சரிண்ணா"ன்னு சிரிச்சுட்டுப் போனான். இப்ப ஊர்ல இருக்கான், போன் போட்டா எடுக்கிறதில்லை.

போட்டோவுல பலூன் கட்டியிருந்துச்சே, வலது கைப்பிடி உடைஞ்ச சேர்... அது அவனோடது. ஆள் வரட்டும், மாத்திக்கலாம்னு அப்படியே விட்டு வெச்சிருக்கோம்.