சீ வியூவாம் சீ வியூ!

பீச் ஸ்டேன்னு போட்டா கடல் கண்ணுக்குத் தெரியணும்னு நெனக்கறது அவ்ளோ பெரிய பேராசையா? போட்டோல அலை வந்து கட்டில் கால நனைக்கும் போல இருக்கு, நேர்ல போனா பாத்ரூம் ஸ்டூல் மேல ஏறி கழுத்த ஒடிச்சுப் பாத்தா ரெண்டு தண்ணி டேங்குக்கு நடுவுல விரக்கடை அளவு நீலமா ஏதோ தெரியுது, அதுக்கு எக்ஸ்ட்ரா சார்ஜ் வேற. உப்புக்காத்துல பூட்டு துருப்பிடிச்சு சாவி திரும்பாது, தொவச்ச துண்டு மறுநாளும் பிசுபிசுன்னுதான் இருக்கும், பெட்ஷீட்ட எத்தன உதறு உதறினாலும் மணல்.

சரி மார்க்கெட்லயாவது நிம்மதியா சாப்பிடலாம்னா கடைய மறிச்சுக்கிட்டு ரீல்ஸ் எடுக்குது ஒரு கும்பல். ஆவி பறக்கற தட்ட மேலேருந்து ஒரு ஷாட், சைடுலேருந்து ஒரு ஷாட், ஆறிப்போனப்புறம் ஒரு கடி கடிச்சு கண்ண மூடி "ம்ம்ம்" வேற! பின்னாடி நிக்கறவனுக்கு வயிறுன்னு ஒண்ணு இருக்காதாய்யா?