யாரோ எப்போதோ வைத்த செட்டிங்

பெரிய மின்தடைகளைப் பற்றிய விசாரணை அறிக்கைகளைத் தேடிப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. துப்பறியும் கதை படிக்கிற சுகம்தான். என்ன, கடைசியில் பிடிபடுகிற ஆள் பெரும்பாலும் சப்பையாக இருப்பான். ஒரு மரக்கிளையாக இருக்கலாம். ஒரு கருவிக்குள் யாரோ எப்போதோ வைத்துவிட்டு மறந்துபோன ஓர் எண்ணாகவும் இருக்கலாம்.

2019 ஆகஸ்ட் 9, பிரிட்டன். வெள்ளிக்கிழமை மாலை, ஜனம் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம். லண்டனுக்கு வடக்கே ஒரு மின்பாதையில் மின்னல் விழுந்தது. அது அடிக்கடி நடக்கிற விஷயம்தான், பாதையும் சில நொடிகளில் தானாகவே சரியாகிவிட்டது. ஆனால் அதே நேரத்தில் கடலுக்குள் இருந்த ஒரு பெரிய காற்றாலைத் தொகுதியும் ஓர் எரிவாயு மின்நிலையமும் டிரிப் ஆயின. உற்பத்தியும் தேவையும் நொடிக்கு நொடி சமமாக இருந்தால்தான் அதிர்வெண் (மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்கிற எண்) 50 ஹெர்ட்ஸில் நிற்கும். அன்றைக்கு அது 48.8 வரை இறங்கியது. தானியங்கி ரிலேக்கள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைத் துண்டித்து மற்றவர்களைக் காப்பாற்றின. முக்கால் மணி நேரத்தில் எல்லா இணைப்பும் திரும்ப வந்துவிட்டது.

ரயில்கள் மட்டும் நகரவில்லை. ஒரு குறிப்பிட்ட வகை மின்சார ரயில், அதிர்வெண் 49க்குக் கீழே போனால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அதில் பல ரயில்களை ஓட்டுநரால் மறுபடி கிளப்ப முடியவில்லை. லேப்டாப்போடு ஒரு டெக்னீஷியன் நேரில் வந்து ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டியிருந்தது. தலைக்கு மேல் கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்க, உள்ளே பயணிகள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள்.

'ஸ்மார்ட் கிரிட்' (புத்திசாலியான மின்கட்டமைப்பு) என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்த ரயில்தான் ஞாபகத்துக்கு வரும். நம் பேச்சில் ஸ்மார்ட் என்றால் ஸ்மார்ட் மீட்டர், மொபைல் ஆப், இப்போது கூடவே செயற்கை நுண்ணறிவு. மீட்டரைக் குறை சொல்லவில்லை. எந்தத் தெருவில் மின்சாரம் போனது என்று சொல்லும், நேரத்துக்கு ஏற்ற கட்டணத்துக்கு வழி செய்யும். ஆனால் அது கணக்குப்பிள்ளை. கணக்குப்பிள்ளையை மாற்றிவிட்டுக் கோட்டையைப் பலப்படுத்திவிட்டோம் என்று சொல்லக் கூடாது.

இன்னொரு வழக்கைப் பாருங்கள். 2016 செப்டம்பர் 28, தெற்கு ஆஸ்திரேலியா. புயலும் சூறாவளியும் மின்கோபுரங்களைச் சாய்த்தன. இரண்டு நிமிடத்துக்குள் மின்னழுத்தம் திரும்பத் திரும்பச் சரிந்தது. பல காற்றாலைகளின் கட்டுப்பாட்டு மென்பொருளில், குறுகிய நேரத்தில் இத்தனை முறைக்கு மேல் மின்னழுத்தம் சரிந்தால் உற்பத்தியைக் குறைத்துக்கொள் அல்லது விலகிக்கொள் என்று ஒரு வரம்பு இருந்தது. விலகிக்கொண்டன. பக்கத்து மாநிலத்திலிருந்து வரும் இணைப்பின் மேல் அத்தனை சுமையும் விழ, அதுவும் அறுந்தது. மாநிலம் மொத்தமும் இருட்டு. மறுநாளே காற்றாலை நல்லதா, நிலக்கரி நல்லதா என்று அரசியல் சண்டை தொடங்கிவிட்டது. ஆனால் அந்த வரம்பைப் பற்றி கிரிட்டை இயக்குகிறவர்களுக்கே முன்கூட்டித் தெரிந்திருக்கவில்லை. பிறகு அந்த எண்ணை மாற்றினார்கள். அதே காற்றாலை, அதே காற்று.

என் ஆத்திரம் இங்கேதான். இன்றைக்கு சூரிய மின்சாரம், பேட்டரி எல்லாமே இன்வெர்ட்டர் (நேர்மின்சாரத்தை மாறுதிசை மின்சாரமாக்கும் கருவி) வழியாகத்தான் கிரிட்டில் சேர்கின்றன. பழைய மின்நிலையங்களில் டன் கணக்கில் எடையுள்ள ரோட்டார்கள் சுழலும். ஓர் அடி விழுந்தாலும் அந்தச் சுழற்சியின் வேகம் அதிர்வெண் சரிவதை மட்டுப்படுத்தி, சில நொடி அவகாசம் வாங்கித் தரும். இன்வெர்ட்டரில் சுழல எதுவும் இல்லை. அதன் குணம் முழுக்க அதற்குள் எழுதப்பட்ட நிரல்தான். பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் கிரிட்டின் சுருதியைக் கேட்டு அதனோடு சேர்ந்து பாடுகிறவை. சுருதியே கலைந்தால் அவையும் தடுமாறும். தானே சுருதி கொடுக்கிற இன்வெர்ட்டர்களை உருவாக்குவதுதான் இப்போது இந்தத் துறையில் நடக்கிற ஆராய்ச்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் பல தயாரிப்பாளர்கள், கணினியில் சோதித்துப் பார்ப்பதற்கான அந்த நிரலின் மாதிரியைத் திறக்க முடியாத பெட்டியாகத்தான் ஆய்வாளரிடம் கொடுக்கிறார்கள். வியாபார ரகசியமாம்! கோடிக்கணக்கான பேர் தொங்குகிற ஒரு கயிற்றின் முடிச்சு எப்படிப் போடப்பட்டது என்பதில் என்ன ரகசியம் வேண்டிக்கிடக்கிறது? கிரிட்டில் சேர வேண்டுமானால் திறந்து காட்டு என்று சட்டமே போடலாம் என்பது என் கட்சி.

பார்வை இல்லாமல் புத்தி மட்டும் இருந்தும் பயனில்லை. 2003 ஆகஸ்ட் 14 அன்று வட அமெரிக்காவில் சுமார் 5 கோடிப் பேர் இருளில் விழுந்தார்கள். ஒஹையோவில் உயர் மின்னழுத்தக் கம்பிகள் மரங்களில் உரசியது ஒரு பக்கம். அங்கே ஒரு கட்டுப்பாட்டு அறையின் அலாரம் மென்பொருள் மணிக்கணக்கில் உறைந்து கிடந்தது, அது உறைந்ததே அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை என்பது இன்னொரு பக்கம். அலாரம் அடிக்காததால் எல்லாம் நலம் என்று உட்கார்ந்திருந்தார்கள். இத்தனைக்கும் 1988லேயே அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் அருண் பட்கேயும் ஜேம்ஸ் தார்ப்பும் பேஸர் அளவீட்டுக் கருவியை (மின் அலையின் அளவையும் அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் அளப்பது) உருவாக்கியிருந்தார்கள். வழக்கமான முறையில் சில நொடிகளுக்கு ஒருமுறை வருகிற தகவல், இந்தக் கருவியில் நொடிக்குப் பல முறை வரும். செயற்கைக்கோள் கடிகாரத்தோடு ஒத்திசைந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிற இரண்டு இடங்களை ஒரே கணத்தில் ஒப்பிட்டுக் காட்டும். அது பரவலாவதற்குப் பெரிய இருட்டுகள் வர வேண்டியிருந்தது.

மின்சிக்கனத்திலும் இதே கதைதான். எல்இடி பல்பு கண்ணுக்குத் தெரியும், அதனால் எல்லோருக்கும் தெரியும். உலக மின்சாரத்தில் கிட்டத்தட்ட பாதி மோட்டார்களுக்குள் போகிறது, அதைப் பேச ஆளில்லை. எத்தனையோ ஆலைகளில் பம்பை முழு வேகத்தில் ஓடவிட்டு, ஓட்டத்தைக் குறைக்க வால்வைத் திருகி வைத்திருப்பார்கள். கத்திக்கொண்டே வாயைப் பொத்திக்கொள்கிற மாதிரி. மோட்டாரின் வேகத்தையே டிரைவ் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) போட்டுக் குறைத்தால் கணக்கு வேறு. வேகத்தை 80 சதவீதமாக்கினால் எடுக்கிற மின்சாரம் ஏறத்தாழ பாதியாகும், ஏனென்றால் திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப மாறும் (0.8 × 0.8 × 0.8). (உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்பில் இவ்வளவு லாபம் வராது. பம்ப்காரர்கள் சண்டைக்கு வருமுன் நானே சொல்லிவிடுகிறேன்.) புதுக் கண்டுபிடிப்பே தேவையில்லாத சேமிப்பு இது. அந்த வால்வைத் திருகியவர் ஓய்வுபெற்றுப் போயிருப்பார், வால்வு அப்படியே இருக்கும்.

சரி, எல்லாவற்றையும் கணினியிடம் ஒப்படைத்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு உக்ரைன். 2015 டிசம்பர் 23 அன்று ஊடுருவல்காரர்கள் மூன்று மின்விநியோக நிறுவனங்களுக்குள் புகுந்தார்கள். ஆபரேட்டரின் கண்முன்னாலேயே திரையில் மவுஸ் அம்பு தானாக நகர்ந்து, துணை மின்நிலையப் பிரேக்கர்களை (திறந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கிற பெரிய சுவிட்சுகள்) ஒவ்வொன்றாகத் திறந்தது. சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. சில மணி நேரத்தில் திரும்பவும் வந்தது. எப்படி? ஆட்கள் வண்டி எடுத்துக்கொண்டு துணை மின்நிலையங்களுக்கே போய், பிரேக்கர்களைக் கையால் போட்டார்கள். ஊடுருவல்காரர்கள் சில கருவிகளின் உள்மென்பொருளையும் அழித்திருந்ததால், இரண்டு மாதத்துக்குப் பிறகும் அங்கே பிரேக்கர்களைக் கையால்தான் இயக்கிக்கொண்டிருந்தார்கள்.