பதவியேற்புக்கு எதுக்குப் பாட்டு?

அமெரிக்காவில் புது ஜனாதிபதி வரும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். சத்தியப்பிரமாணம் எடுக்க அஞ்சு நிமிஷம் போதுமே, அதுக்கு எதுக்குப் பாட்டு, நடனம், ஊர்வலம்? எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் இந்தப் பேச்சு ஓடியது. ரெண்டு வரியில் பதில் போட எனக்கு மனசு வரவில்லை. 2009 ஜனவரியில் ஒபாமா பதவியேற்றபோது வாஷிங்டனில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றவள் நான். அதனால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பணம். அது நல்ல காலம் இல்லை. லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவாலாகி நாலு மாசம்தான் ஆகியிருந்தது. மாசாமாசம் 5 லட்சம் பேருக்கு மேல் வேலை போய்க்கொண்டிருந்தது. எங்கள் அபார்ட்மென்டிலேயே வேலை போய், விசாவும் போய், ஊருக்கு மூட்டை கட்டிய குடும்பங்கள் உண்டு. அப்படிப்பட்ட சமயத்தில் விழாக் குழு 5 கோடி டாலருக்கு மேல் திரட்டியது என்றால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் கச்சேரிக்கும் நடன விருந்துகளுக்கும் போனது நன்கொடைப் பணம். ஒருவர் 50,000 டாலருக்கு மேல் தரக்கூடாது, கம்பெனிகளிடம் கை நீட்டுவதில்லை என்று குழுவே வரம்பு வைத்துக்கொண்டது. பாதுகாப்புக்கும் பதவியேற்பு மேடைக்கும் ஆன அரசுச் செலவு தனிக் கணக்கு. எவ்வளவு செலவானது என்பதைவிட, அந்தச் செலவில் நடந்ததை யாரெல்லாம் போய்ப் பார்க்க முடிந்தது என்பதைத்தான் நான் கேட்பேன்.

ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை. பதவியேற்புக்கு ரெண்டு நாள் முன்னாடி நடந்த கச்சேரி. லிங்கன் நினைவிடத்தின் படிக்கட்டுதான் மேடை. ஷேடி குரோவ் ஸ்டேஷனில் ரயில் ஏறி, நானும் என் கணவரும் மதியத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். மேடையை ஒட்டிய பகுதி அழைப்பு உள்ளவர்களுக்கு. அதற்குப் பின்னால், எதிரே இருக்கும் நீண்ட குளத்தின் இரு பக்கமும் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் டிக்கெட் இல்லாத ஜனம். குளத்துத் தண்ணீர் உறைந்து கிடந்தது. பெரிய பெரிய திரைகள் வைத்திருந்தார்கள். அன்றைக்கு வந்த கூட்டம் சுமார் 4 லட்சம் என்று பிறகு சொன்னார்கள். எச்பிஓ காசு கட்டிப் பார்க்கிற சேனல். இந்த நிகழ்ச்சியை மட்டும் எல்லோரும் பார்க்கும்படி இலவசமாகத் திறந்துவிட்டது.

ஸ்டீவி வொண்டர், பியான்சே, யு2, ஷகீரா என்று பட்டியல் நீளம். அதைச் சொல்லிக்கொண்டிருக்கப் போவதில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது ரெண்டு மூன்று இடங்களில்தான்.

பெட்டி லவெட் என்ற கறுப்பினப் பாடகியும் ராக் பாடகர் ஜான் பான் ஜோவியும் சேர்ந்து, சாம் குக் என்ற பாடகரின் பழைய பாட்டு ஒன்றைப் பாடினார்கள். மாற்றம் வரும் என்று நம்பிக் காத்திருப்பவரின் பாட்டு. 1963-ல் லூசியானா மாநிலம் ஷ்ரீவ்போர்ட்டில் ஒரு விடுதி, கறுப்பர் என்பதற்காக சாம் குக்கை உள்ளே விடவில்லை. அந்தப் பாட்டுக்குள் அந்த அவமானம் இருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு, மேடைக்குப் பக்கவாட்டில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், ரெண்டு நாளில் வெள்ளை மாளிகைக்குக் குடிபோகப் போகிற ஒரு கறுப்பினக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. இதற்கு மேல் அங்கே யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இடத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கச்சேரியைப் பற்றிச் சொல்ல முடியாது. லிங்கன் நினைவிடத்தை 1922-ல் திறந்தபோது, அடிமை முறையை ஒழித்தவரின் நினைவிடம் என்று பேர், கறுப்பர்களைத் தனியாக ஒதுக்கித்தான் உட்கார வைத்தார்கள். 1939-ல் மேரியன் ஆண்டர்சன் வாஷிங்டனில் பாட வந்தார். ஐரோப்பாவே கொண்டாடிய குரல். கான்ஸ்டிடியூஷன் ஹால் என்ற பெரிய அரங்கத்தை வைத்திருந்த பெண்கள் சங்கம், கறுப்பினக் கலைஞருக்கு இடமில்லை என்று மறுத்துவிட்டது. ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் அந்தச் சங்கத்தின் உறுப்பினர் பதவியையே தூக்கி எறிந்தார். ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு அன்று, இதே படிக்கட்டில் ஃபர் கோட்டோடு நின்று மேரியன் பாடினார். கேட்க வந்தவர்கள் 75,000 பேர், கறுப்பரும் வெள்ளையரும் கலந்து நின்றார்கள். அவர் முதலில் எடுத்தது 'மை கன்ட்ரி, டிஸ் ஆஃப் தீ', இது என் நாடு என்கிற தேசபக்திப் பாட்டு. அரங்கத்தில் கால் வைக்க விடாத ஊரில் நின்று அதைப் பாடினார். மார்ட்டின் லூதர் கிங் 1963-ல் அதே இடத்தில் பேசியபோது அந்தப் பாட்டின் வரிகளைத்தான் எடுத்துச் சொன்னார். 2009 கச்சேரியில் மேரியனை நினைவுகூர்ந்து அதையே பாடினார்கள். ரெண்டு நாள் கழித்துப் பதவியேற்பு மேடையில் அரீதா ஃபிராங்க்ளின் பாடியதும் அதேதான். அரீதாவின் தொப்பியைப் பற்றி மட்டும் டிவியில் பேசித் தீர்த்தார்களே, எனக்கு இன்றைக்கும் அதில் வருத்தம் உண்டு.

பாட்டு எதுக்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமை சரியாகக் கிடைக்காத காலத்திலும் பாட்டு இருந்தது. சட்டம் திறக்காத இடங்களில் அவர்கள் பாடிக்கொண்டே போய் நின்றார்கள். ஜெயித்த நாளில் அந்தப் பாட்டை வெளியே நிறுத்திவிட்டு வெறும் சத்தியப்பிரமாணத்தோடு முடித்துக்கொள் என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

நிகழ்ச்சி முடியப்போகிற நேரத்தில் நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் வந்தார். அப்போது அவருக்கு 89 வயசு. கம்பளிக் குல்லாயும் பாஞ்ஜோ என்ற தந்தி வாத்தியமுமாக, பக்கத்தில் பேரனும் ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும். 1955-ல் நாடாளுமன்றக் குழு முன் நிறுத்திக் கம்யூனிஸ்டா என்று விசாரிக்கப்பட்டு, பல வருஷம் டிவி பக்கமே வரவிடாமல் ஒதுக்கப்பட்ட மனிதர். பாடிய பாட்டு 'திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்'. அமெரிக்கப் பள்ளிக்கூடத்தில் படித்த எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு அடியையும் முதலில் அவர் சத்தமாக எடுத்துக் கொடுக்க, கூட்டம் பின்னாலேயே பாடியது. என் பக்கத்தில் ஒஹாயோவிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா, ஓய்வுபெற்ற இசை டீச்சர், கையுறை போட்ட கையால் தொடையில் தாளம் தட்டிக்கொண்டு அட்சரம் பிசகாமல் பாடினார். திடீரென்று நிறுத்திவிட்டார். தனியார் நிலம், உள்ளே வராதே என்று எழுதி நட்ட பலகையைப் பற்றிய அடி வந்திருந்தது. அதோடு, நிவாரண அலுவலகத்து வாசலில் பசியோடு நிற்கும் ஜனங்களைப் பற்றிய அடி. "இதையெல்லாம் நாங்க பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை" என்று என் பக்கம் திரும்பிச் சொன்னார். பிறகு சீகர் எடுத்துக் கொடுத்த வார்த்தைகளைப் பிடித்துப் பிடித்து அவரும் பாட ஆரம்பித்தார்.

மாசத்துக்கு 5 லட்சம் வேலை போகிற நேரத்தில், நாட்டின் நடு மேடையில், ஜனாதிபதி ஆகப்போகிறவர் முன்னால், பசித்தவன் வரிசையைப் பற்றிப் பாடினார்கள். கஷ்ட காலத்தில் கச்சேரியா என்று கேட்கிறீர்கள். அந்தக் கஷ்டத்தை அங்கே பாடிவிட்டுத்தான் போனார்கள்.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். நிகழ்ச்சிக்கு முன்னால் பிரார்த்தனை செய்தவர் ஜீன் ராபின்சன், தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்ட பிஷப். அந்தப் பகுதி டிவி ஒளிபரப்பில் வரவே இல்லை. எல்லோரும் ஒன்று என்று பேர் வைத்த நிகழ்ச்சியில் அது நடந்திருக்கக் கூடாது.

20-ம் தேதி. விடியும் முன்பே கிளம்பினோம். அன்றைக்கு மெட்ரோ ரயிலில் 11 லட்சம் பயணங்களுக்கு மேல் பதிவானது, அதுவரை இல்லாத கூட்டம். நேஷனல் மால் புல்வெளியில் வந்து நின்றவர்கள் சுமார் 18 லட்சம் என்பது அப்போது சொன்ன கணக்கு. நண்பகலிலும் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே. செல்லோ கலைஞர் யோ-யோ மா, வயலின் கலைஞர் இட்ஸாக் பெர்ல்மன் உள்ளிட்ட நாலு பேர் வாசித்ததைப் பிறகு சிலர் மோசடி என்றார்கள். குளிரில் கருவிகளின் சுருதி நிற்காது என்று ரெண்டு நாள் முன்னாடியே பதிவு செய்து, அதை ஒலிக்கவிட்டு மேடையில் வாசித்தார்கள் என்பதற்காக. மழை ஈரத்தில் மிருதங்கம் என்ன பாடு படும் என்று நம்மூரில் கச்சேரி கேட்டவர்களுக்குத் தெரியும். அந்தக் குளிரில் நரம்பும் மரமும் என்ன செய்யும்? எனக்கு அது துளியும் தவறாகப் படவில்லை.

எனக்கு ஒப்பாதது டிக்கெட் சமாச்சாரம். பதவியேற்பைக் கிட்டே இருந்து பார்க்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் மூலம் இலவசமாகத் தரும் டிக்கெட் நிறம் நிறமாக வரும். ஊதா நிற டிக்கெட் வைத்திருந்த ஆயிரக்கணக்கானவர்கள் 3-வது தெருவின் சுரங்கப்பாதையில் மணிக்கணக்கில் வரிசையில் நின்று, உள்ளே போக முடியாமலே திரும்பினார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒருவரும் அதில் மாட்டிக்கொண்டார். கையில் ஒன்றுமில்லாமல் புல்வெளிக்கு வந்த நாங்கள் திரையில் எல்லாவற்றையும் பார்த்தோம். ராத்திரி அதிகாரபூர்வ நடன விருந்துகள் பத்து. அதில் ஒன்றை மட்டும் அந்த ஊர் மக்களுக்கென்று, இலவச டிக்கெட்டும் குறைந்த விலை டிக்கெட்டுமாக ஒதுக்கினார்கள். ஒபாமாவும் மிஷெலும் முதல் நடனம் ஆடியது அங்கேதான், பாடியவர் பியான்சே. நல்ல காரியம். ஆனால் பத்தில் ஒன்று என்பது எனக்குப் போதாது.

2021-ல் கமலா ஹாரிஸ் துணை ஜனாதிபதி ஆனபோது கொரோனாவும் பாதுகாப்புப் பயமும் சேர்ந்து நேஷனல் மால் மூடிக் கிடந்தது. ஜனங்கள் நிற்க வேண்டிய இடத்தில் சுமார் 2 லட்சம் கொடிகளை நட்டு வைத்தார்கள். அதே நாளில் மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரத்தில், அவருடைய தாத்தா ஊரில், வெடி வெடித்து, சாமி கும்பிட்டு, இனிப்பு கொடுத்தார்கள். டிவியில் ரெண்டையும் பார்த்தேன். விழா மாதிரி இருந்தது நம்மூர்த் தெருதான். 2025-ல் டிரம்ப் வந்தபோது குளிர் என்று சொல்லிப் பதவியேற்பையே மண்டபத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள். அந்தத் தலைவரை எனக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது வேறு. அவருக்கு ஓட்டுப் போட்டு, அத்தனை தூரம் பஸ் பிடித்து வந்த ஜனங்களுக்காக எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

அடுத்தது 2029 ஜனவரி 20. மேரிலாந்து, வர்ஜீனியா பக்கம் இருக்கிற நம்மவர்களுக்குச் சொல்கிறேன்: யார் ஜெயித்தாலும், வெளியில் நடந்தால் போய் நில்லுங்கள். டிக்கெட்டுக்கு அலைய வேண்டாம். காரை எடுக்காதீர்கள், முதல் மெட்ரோவைப் பிடியுங்கள். காலுக்கு ரெண்டு ஜோடிக் கம்பளி சாக்ஸ் போடுங்கள், மணிக்கணக்கில் நிற்கும்போது குளிர் ஏறுவது பாதத்தில்தான். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.